ராஜா தோட்டத்துக்குள் ஊர் ஜனம்

நேயர்களுக்கு வணக்கம். சின்ட்ரெல்லா கதையைப் பிரெஞ்சில் எழுதி உலகமெல்லாம் பரவச் செய்தவர் சார்ல் பெரோ. கதாசிரியராகப் பெயர் வாங்குவதற்கு முன்னால் அவர் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேரிடம் வேலை பார்த்தார். பாரிஸின் துய்லரி தோட்டத்துக்குள் ஊர் ஜனம் காலாற நடக்க முடிந்ததில் அவருக்கு நல்ல பங்கு உண்டு.

ஓட்டுச் சூளைகள் இருந்த இடம் அது. 1564-ல் கத்ரீன் தெ மெடிசி ராணி அங்கே அரண்மனை எழுப்பத் தொடங்கினார். ஃப்ளாரன்ஸ்காரர் என்பதால் தோட்டத்தையும் இத்தாலிய பாணியிலேயே போடச் சொன்னார். நூறு வருடம் கழித்து அதை மாற்றி அமைக்கும் வேலை ஆந்த்ரே லெ நோத்ரிடம் வந்தது. அவருடைய தாத்தாவும் அப்பாவும் அதே தோட்டத்தில் தோட்டக்காரர்கள். மனிதருக்கு அங்கே ஒவ்வொரு அடி மண்ணும் அத்துபடி.

அவர் செய்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு குளங்கள். அரண்மனைக்கு அருகே வட்டக் குளம், மேற்குக் கோடியில் எண்கோணக் குளம். சம அளவில் வெட்டியிருந்தால், அரண்மனையிலிருந்து பார்ப்பவருக்குத் தூரத்துக் குளம் சுருங்கித் தெரியும். அதனால் கோடியில் இருப்பதை வேண்டுமென்றே பெரிதாக வெட்டினார். ஜன்னலில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். அதே கணக்கு எதிர்ப்பக்கம் நின்றால் தலைகீழாகிவிடும்: கிட்டே பெரிய குளம், தூரத்தில் சின்னது, தோட்டம் இன்னும் நீண்டதாகத் தோன்றும். ஆக, வரைபடம் போட்டதே ஜன்னலில் நிற்பவருக்காகத்தான்.

நடுவில் நேர்க்கோடாக ஓர் அகலப் பாதை. இரு ஓரங்களிலும் உயர்ந்த மேடைகள். ஒன்று சேன் நதியை ஒட்டியது. மேற்கு எல்லையோடும் அவர் நிறுத்தவில்லை. அப்பால் இருந்த வெட்டவெளியிலும் அதே கோட்டில் மரவரிசை வைத்தார். இன்றைய ஷாம்ப்ஸ் எலிஸே சாலை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, பெரோ விஷயத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும், ஜனங்கள் வந்தால் பாழாகிவிடும், அரச குடும்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கோல்பேர் நினைத்தார். பெரோ அவரோடு தோட்டத்தைச் சுற்றி நடந்து வாதாடினார். நோயிலிருந்து தேறியவர்கள் காற்று வாங்க வருகிறார்கள், வியாபாரப் பேச்சும் கல்யாணப் பேச்சும் இங்கேதான் நடக்கின்றன என்றார். ஜனங்கள் பூவைப் பறிப்பதில்லை என்று தோட்டக்காரர்களையே சாட்சி சொல்ல வைத்தார். கதவு திறந்தது. ஆனாலும் சிப்பாய்கள், ஏவலாட்கள், கந்தல் உடுத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. அதை மறைத்துவிட்டு இதைப் பெரிய மக்கள் பூங்கா என்று பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடையில் நடந்தது ஏராளம். 1783 டிசம்பர் 1-ல் ஹைட்ரஜன் பலூனில் இரண்டு மனிதர்கள் முதன்முதலாக வானேறியது இங்கிருந்துதான். 2024 ஒலிம்பிக்ஸில் தீபத்தைப் பலூன் வடிவில் இதே வட்டக் குளத்தின் மேல் உயர்த்தியது அந்த நினைவில்தான்.

1871-ல் பாரிஸ் ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்து நடத்திய கம்யூன் கலகத்தின் கடைசி நாட்களில் அரண்மனை எரிந்தது. மிச்ச சுவர்களையும் 1883-ல் இடித்துவிட்டார்கள். கணக்கெல்லாம் யாருக்காகப் போடப்பட்டதோ அந்த ஜன்னலே போய்விட்டது. கூடவே இன்னொரு சங்கதி அம்பலமானது. பின்னாலிருந்த, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் லூவ்ர் கட்டடம் தோட்டத்தின் கோட்டுக்கு நேராக இல்லை; சற்றே கோணல். இத்தனை நாள் அரண்மனை குறுக்கே நின்று அதை மறைத்திருந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து லூவ்ர் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு கட்டிய ஐ. எம். பெய் இந்தக் கோணலைச் சமாளிக்க வேண்டியிருந்தது. பிரமிடு முற்றத்தின் கணக்கில் நிற்கிறது. தோட்டத்துக் கோட்டில் விழவில்லை. கோடு தொடங்கும் புள்ளியில் பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை நகல் ஒன்றை வைத்தார். பாரிஸ் போனால், அந்தச் சிலை ஏன் ஓரமாக நிற்கிறது என்று நினைக்காதீர்கள். அதன் பக்கத்தில் நின்று மேற்கே பாருங்கள்: லூவ்ருக்கும் தோட்டத்துக்கும் இடையில் உள்ள கருசெல் வளைவும், தோட்டத்து நடுப்பாதையும், ஷாம்ப்ஸ் எலிஸேயின் உச்சியில் உள்ள வெற்றி வளைவும் ஒரே நேரில் வந்து நிற்கும். நன்றி, வணக்கம்.