ஆங் லீயோட ‘ஹல்க்’க இன்னொரு தடவ பாருங்க

வணக்கம் மக்களே! ஊரே கழுவி ஊத்துன ஒரு படத்துக்கு இன்னைக்கு வக்காலத்து வாங்கப் போறேன். 2003-ல வந்த ‘ஹல்க்’, கோபம் வந்தா பச்சை ராட்சசனா மாறுற விஞ்ஞானி புரூஸ் பேனரோட கதை. எட்வர்ட் நார்ட்டன் நடிச்சது 2008, அது வேற. இது ஆங் லீ எடுத்தது, எரிக் பானா ஹீரோ.

முதல் வார இறுதியில அமெரிக்காவுல 6 கோடி டாலருக்கு மேல வசூல். அடுத்த வார இறுதியில கிட்டத்தட்ட 70 சதவீதம் படுத்துருச்சு. அடிதடி பாக்க வந்தவங்க கிட்ட அப்பன்-மகன் கதைய நீட்டினா வேற என்ன ஆகும்?

ஆனா எனக்குப் படமே அதுதாங்க. 1962-ல ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கின காமிக்ஸ்ல காமா குண்டு வெடிச்சுதான் புரூஸ் பேனர் ஹல்க் ஆவாரு. இதுல காமா கதிர் படுறதுக்கு முன்னாடியே விஷயம் உள்ள இருக்கு. அப்பா தன் உடம்புலயே ஆராய்ச்சி பண்ணி, அது புள்ளைக்கு இறங்கிருது. போதாததுக்கு, சின்ன வயசுல வீட்டுல நடந்த ஒரு கொடுமைய அவன் மனசு பூட்டி வச்சிருக்கு.

அப்புறம் திரையக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக் காட்டுற அந்த எடிட்டிங். ஒரே ஆள மூணு கோணத்துல காட்டுறாங்க, டிவி சீரியல் மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணாங்க. காமிக்ஸ் பக்கத்தப் புரட்டினா எல்லாக் கட்டமும் ஒரே நேரத்துல கண்ணுல படும்ல? அதத்தான் திரையில கொண்டுவரப் பாத்திருக்காங்க. புரூஸுக்கு வில்லனா வர்ற டால்பட் சாகுற இடத்த நிறுத்திப் பாருங்க. பின்னாடி நெருப்பு வெடிக்க, ஆள் அந்தரத்துலயே உறைஞ்சு நிப்பாரு. அச்சு அசல் காமிக்ஸ் கட்டம்! இவ்வளவு துணிஞ்சு எடிட் பண்ண பெரிய மார்வெல் படம் அதுக்கப்புறம் எதுன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்குப் பிடிச்சது கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற சீன். ராணுவக் கூடம், ராத்திரி. அப்பனும் மகனும் எதிரும் புதிருமா உக்காந்திருக்காங்க. மேல விளக்கு, சுத்தி இருட்டு, மேடை நாடகம் மாதிரியே. நான் பாக்க வந்தது உன்ன இல்லடா, உனக்குள்ள இருக்கானே, அவனத்தான்கிற அர்த்தத்துல அப்பா பேசுவாரு. புரூஸ் அழுவாரு. அப்பாவா நடிச்ச நிக் நோல்ட்டி அடித்தொண்டையில இருந்து கத்துற அந்த நடிப்ப ஓவர் ஆக்டிங்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கட்டும்! கையில கிடைச்ச கரண்ட் கேபிளக் கடிக்கிற மனுஷன் அடக்கி வாசிச்சா எப்படி?

இன்னொண்ணு, ஹல்க் உடம்பு அசைவுக்கு சென்சார் உடைய மாட்டிக்கிட்டு நடிச்சதே ஆங் லீதான். ‘க்ரௌச்சிங் டைகர்’ எடுத்த டைரக்டர், தானே தரையில உருண்டு கத்தியிருக்காரு!

குறை இல்லாமலா? கடைசி சண்டை ஒரே இருட்டு, யாரு யாரு மேல விழுறாங்கன்னே தெரியாது. ஹல்க் ராட்சச நாய்களோட மோதுற சண்டையில வேட்டை நாய் வந்துச்சு, சரி. கூடவே சுருட்டை முடி வச்ச செல்ல நாய், ஒரு பூடிலும் ராட்சச சைஸுல வருது பாருங்க, அதுக்கு மட்டும் என்கிட்ட வக்காலத்து இல்ல.