பிளேட் மின்னோட்டம் சரியும் இடம்: பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரைச் சீரமைப்பது எப்படி?

[காட்சி: மேசைமேல் சாம்பல் படிந்த டிரான்ஸ்மிட்டர்]

இது ஹீத்கிட் நிறுவனத்தின் டிஎக்ஸ்-60. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கான, வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) இயங்கும் டிரான்ஸ்மிட்டர். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து உதிரிபாகங்களாகப் பெட்டியில் வந்தது. வாங்கியவரே சால்டர் செய்து கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ ஒருவருடைய கைவண்ணம் இருக்கும். அந்தக் கைவண்ணத்தை நம்பாமல் இணைப்புகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கையே பிடுங்குங்கள். உள்ளே ஓடுவது 600 வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகு கெப்பாசிட்டர்களை வடியவைக்க ஒரு ரெசிஸ்டர் உண்டுதான். இத்தனை வருடம் கழித்தும் அது வேலை செய்கிறது என்று எண்ணி விரலை வைப்பது மடத்தனம். மீட்டரால் அளந்து உறுதிசெய்யுங்கள்.

[காட்சி: வால்வின் நெருக்கக் காட்சி, தலையில் உலோகத் தொப்பி]

சமிக்ஞையைப் பெருக்கும் கடைசி நிலையில் இருக்கும் இந்த வால்வு 6146. ஆர்சிஏ நிறுவனத்தின் தயாரிப்பு. இதற்கு உள்ளே போவது 90 வாட். அதாவது 600 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர். ஆனால் இதன் பிளேட், அதாவது எலக்ட்ரான்களை வாங்கும் உலோகத் தகடு, வெப்பமாகத் தாங்கக்கூடியது 25 வாட்தான். டியூனிங் விலகியிருந்தால் மிச்சமெல்லாம் பிளேட்டிலேயே வெந்து தீரும். சில நொடிகளில் உலோகம் செக்கச்செவேலென ஆகும். எனவே மோர்ஸ் கீயை (சமிக்ஞை அனுப்பும் விசையை) அழுத்துவது, திருகுவது, விடுவது, அவ்வளவுதான் அவகாசம்.

ஆன்டெனாவைக் கழற்றி, சமிக்ஞையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் 50 ஓம் டம்மி லோடைப் பொருத்துங்கள். சீரமைப்பு வேலையை வான்வெளியில் செய்வது அக்கம்பக்கத்து ஹாம்களுக்குத் தொல்லை.

[காட்சி: மீட்டர் முள்]

மீட்டரை கிரிட் (வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) பக்கம் வைத்து, அதற்குப் போகும் சமிக்ஞையைக் கூட்டிக்குறைக்கும் டிரைவ் குமிழைத் திருகி, 2 முதல் 3 மில்லி ஆம்பியர் வரை கொண்டுவாருங்கள். வெளியே போகும் திறனை அமைக்கும் லோடிங் கெப்பாசிட்டரை முழுக்க மூடிவைத்துவிட்டு (தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று முழுக்க நுழைந்த நிலை), மீட்டரை பிளேட் பக்கம் மாற்றுங்கள். இப்போது பிளேட் டியூனிங்கைத் திருப்பும்போது முள்ளைப் பாருங்கள்: ஓரிடத்தில் சட்டென்று கீழே சரிகிறது. அதுதான் ஒத்ததிர்வு, அதாவது சுற்று அனுப்பும் அலைவரிசையோடு பொருந்தும் இடம். இனி லோடிங்கைக் கொஞ்சம் திறந்தால் மின்னோட்டம் ஏறும். மறுபடி டியூனிங்கால் சரிவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி மாறிமாறி, சரிவின் அடியே 150ஐத் தொடும்வரை. ஒவ்வொரு முறையும் சரிவின் ஆழம் குறைந்துகொண்டே வரும். அது நல்ல அறிகுறி.

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்றைப் பார்க்காமல் நான் விடமாட்டேன். மின்னோட்டம் சரியும் அதே இடத்தில் வெளியேறும் திறன் உச்சத்தில் இருக்கிறதா? இரண்டும் வெகுவாக விலகியிருந்தால் நியூட்ரலைசேஷனை, அதாவது பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குத் திரும்பக் கசியும் சமிக்ஞையை ரத்துசெய்யும் ஏற்பாட்டை, சந்தேகிக்க வேண்டும். 6146க்குள் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கும் அளவு) கால் பிக்கோபாரட்கூட இல்லை. 28 மெகாஹெர்ட்சில் அதுவே சேட்டை செய்யப் போதும்.

நியூட்ரலைசேஷன் டிரிம்மர் (திருகிச் சரிசெய்யும் சிறு கெப்பாசிட்டர்) வைத்த டிரான்ஸ்மிட்டர் என்றால், பிளக்கைப் பிடுங்கி, வடியவைத்து, பிளேட், ஸ்கிரீன் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள முனை) இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, பிளக்கை மறுபடி செருகி டிரைவை மட்டும் கொடுங்கள். வெளியே கசியும் ரேடியோ சமிக்ஞை மிகக் குறையும்வரை டிரிம்மரைத் திருகுங்கள். பிளாஸ்டிக் திருப்புளிதான்; இரும்புத் திருப்புளி பக்கத்தில் போனாலே கணக்கு மாறிவிடும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வடியவைத்து, துண்டித்ததை இணைத்து, வால்வைச் சுற்றியுள்ள கூண்டையும் பூட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். கூண்டு திறந்திருக்கும்போது கிடைத்த அமைப்பு பூட்டியதும் சற்று நகர்வது உண்டு.