போஸ்ட்கிரெஸ்: சான்றிதழ் இருந்தும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லையா?

[திரை: டெர்மினலில் தோற்றுப்போன லாகின்]

வணக்கம். பாஸ்வேர்டு இல்லாமல் கிளையன்ட் சான்றிதழை வைத்தே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நுழைய எல்லாம் அமைத்தாயிற்று. ஆனாலும் உள்ளே விடவில்லை. சரி, முதலில் சர்வர் லாக்கைத் திறங்கள். கிளையன்ட் பக்கம் பெரும்பாலும் ஒற்றை வரிதான் வரும், விவரம் லாக்கில் இருக்கும்.

[திரை: லாக் வரி]

"கனெக்‌ஷன் ரிக்வயர்ஸ் எ வேலிட் கிளையன்ட் சர்டிஃபிகேட்." இதைப் பார்த்ததும் சான்றிதழில்தான் கோளாறு என்று பலரும் புதிதாக ஒன்று தயாரிக்கப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். சான்றிதழ் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஏன் போகவில்லை? டெர்மினலில் போஸ்ட்கிரெஸ்ஸோடு பேசும் பிஎஸ்க்யூஎல், பைத்தானின் சைகோபிஜி எல்லாம் லிப்பிக்யூ என்ற லைப்ரரியை நம்பியிருப்பவை. அது ஹோம் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டரில் சான்றிதழைத் தேடும். கிடைக்காவிட்டால் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் வெறுங்கையோடு போய்விடும். நீங்களே எஸ்எஸ்எல்செர்ட் என்ற கனெக்‌ஷன் அமைப்பில் பாதையைக் கொடுத்து, அதில் ஓர் எழுத்து தவறினாலும் இதே கதைதான். என்னைக் கேட்டால் இந்த மௌனம் லிப்பிக்யூவின் மோசமான பழக்கம். உங்கள் லாகினில் வேலை செய்தது சர்வீஸாக ஓடும்போது மட்டும் தோற்றால், அந்த சர்வீஸ் எந்த யூசராக ஓடுகிறது என்று பாருங்கள். அந்த யூசரின் ஹோம் ஃபோல்டர் வேறு. சான்றிதழ், அதன் ரகசியச் சாவி (பிரைவேட் கீ) இரண்டுக்கும் முழுப் பாதையைக் கொடுத்துவிடுவது நல்லது.

சாவி கோப்பின் பெர்மிஷன் 0600 ஆக இருக்க வேண்டும். ரூட்டுக்குச் சொந்தமானால் 0640 வரை போகலாம். அதைத் தாண்டித் திறந்திருந்தால் கிளையன்ட்டே மறுத்துவிடும், காரணத்தை சர்வர் லாக்கில் தேடிப் பயனில்லை.

[திரை: "அன்னோன் சிஏ" பிழை]

இங்கே சான்றிதழ் போய்விட்டது, அதில் கையெழுத்திட்ட சிஏவை, அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்பை, சர்வர் நம்பவில்லை. சர்வர் நம்பும் சிஏக்கள் இருக்கும் எஸ்எஸ்எல் சிஏ ஃபைலைப் பாருங்கள். இடைநிலை சிஏ கையெழுத்திட்டிருந்தால் அதன் சான்றிதழை உங்கள் சான்றிதழுக்குக் கீழே அதே கோப்பில் ஒட்டுங்கள், உங்களுடையது முதலில் வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் 16 முதல், சங்கிலியில் எந்தச் சான்றிதழில் சரிபார்ப்பு தோற்றது என்று லாக்கே சொல்லிவிடும். சிஏ ஃபைலை மாற்றினால் ரீலோட் போதும், போஸ்ட்கிரெஸ் 10 முதல் ரீஸ்டார்ட் தேவையில்லை.

"சர்டிஃபிகேட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்று வந்தால் பெயர்ப் பொருத்தம் இல்லை. சான்றிதழின் காமன் நேமும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முடியாதென்றால் பிஜி ஐடென்ட் கோப்பில் எந்தப் பெயர் எந்த யூசருக்கு என்று மேப் போடுங்கள்.

சான்றிதழ் கேட்க வேண்டிய இடத்தில் பாஸ்வேர்டு கேட்கிறதா? அப்படியானால் யார் எப்படி நுழையலாம் என்று சர்வர் பார்க்கும் பிஜி எச்பிஏ கோப்பில் மேலே இருக்கும் வேறு வரி முதலில் பொருந்தியிருக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும், அடுத்ததைப் பார்க்காது. ஹோஸ்ட் பெயர் தராமல் நுழைந்தால் லினக்ஸில் சாக்கெட் வழியாகப் போகும், அங்கே சான்றிதழைக் கொண்டுசெல்லும் எஸ்எஸ்எல்லே கிடையாது.

[திரை: பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் வியூ]

நுழைந்த பிறகு இந்த வியூவில் உங்கள் கனெக்‌ஷனின் கிளையன்ட் டிஎன் (சான்றிதழில் உள்ள பெயர்) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் நீங்கள் உள்ளே வந்தது சான்றிதழால் அல்ல.