மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்

நேயர்களுக்கு வணக்கம். சமயங்கள் கடல் கடந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். கிடைத்திருப்பதோ சில நிமிடங்கள். ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

1911இல் இலங்கையின் காலி நகரில், ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து அகப்பட்ட கல் அது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனாவிலேயே பொறித்து, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பலில் ஏற்றிவந்தது.

வாசித்துப் பார்த்தால்தான் வேடிக்கை. சீன வரிகள் புத்தருக்குக் காணிக்கை வைக்கின்றன. தமிழ் வரிகள் தேனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்முனையில் உள்ள துறைமுக ஊரான தெவிநுவரையின் திருமாலுக்கு. பாரசீக வரிகள் அல்லாஹ்வின் பெயரில். பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, சந்தனம், வாசனை எண்ணெய். ஒருவருக்குக் குறைத்தால் அவரைக் கும்பிடும் வியாபாரி முகம் சுளிப்பான் அல்லவா? செங் ஹேயே சீனாவின் யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

கல்லில் சிங்களம் இல்லை. நாட்டு மக்களுக்காக அல்ல, துறைமுகத்துக்காக வெட்டிய கல் இது என்றே நான் நினைக்கிறேன். சோளகக் காற்றோடு, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றோடு, மேற்கிலிருந்து வந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்கு வாடை எழும்வரை காத்துக்கிடக்க வேண்டும். அத்தனை மாதம் சும்மா இருக்க முடியுமா? தொழுகைக்கு ஓர் இடம் பார்ப்பார்கள், கோயிலுக்கு விளக்கு வைப்பார்கள், பெண் எடுப்பார்கள், சிலர் அப்படியே தங்கிவிடுவார்கள்.

தெவிநுவரைக்கு 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, அது வணிகர் வாழும் ஊர் என்கிறார். ஆள் உயரப் பொன் விக்கிரகம், கண்களில் இரண்டு பெரிய மாணிக்கங்கள். ஊரும் அதன் வருமானமும் அந்தத் தெய்வத்துக்கே சொந்தமாம்! அப்படியென்றால், துறைக்கு அதிபதி நாயனார்தான். சீனர் கணக்குத் தெரிந்துதான் காணிக்கை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே செங் ஹேதான் 1411இல் இங்கிருந்த அரசரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். 1588இல் போர்த்துக்கேயர் வந்து நாயனாரின் கோயிலை இடித்துத் தள்ளினார்கள்.

இன்று தெவிநுவரையில் விஷ்ணு தேவாலயம் ஒன்று இருக்கிறது. எசல மாதத்தில், அதாவது யூலை, ஓகஸ்ட் வாக்கில், பெரஹரா என்னும் ஊர்வலம் நடக்கும். கும்பிட வருவோரில் பெரும்பாலானோர் சிங்கள பௌத்தர்கள்.