சீனி ஆலை எஞ்சினுக்கு இரண்டாவது வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாவுக்கென்று பழைய ரயில் பாதை ஒன்றை நடத்தும் தொண்டர்கள் எஞ்சினுக்கு யாரிடம் போவார்கள்? புகையிரதத் திணைக்களத்திடம் என்று நினைப்பீர்கள். பலர் அங்கே போவதில்லை. சீனி ஆலை, கடதாசி ஆலை, கற்குவாரி, எரிவாயுத் தொழிற்சாலை என்று வேலை ஓய்ந்த இடங்களின் வாசலில்தான் போய் நிற்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ஆலை எஞ்சின் சிறியது. இறுக்கமான வளைவிலும் திரும்பும். வேகம் அதற்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வேகம் தேவையுமில்லை. எல்லாவற்றையும் விட, ஆலையின் சொந்தப் பட்டறையில் ஒரு பிற்றரும் ஒரு உதவியாளனும் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்யப்பட்டது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கை அழுக்காக்க வரும் தொண்டர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் முதலில் அளவுநாடா. ரயில் பாதையின் அகலம் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம். நம் களனிவெளிப் பாதை 1990களில் மாற்றப்படும் வரை இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீற்றர் அகலம் கொண்டதாக இருந்தது. நுகேகொடை, மகரகமைப் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்தச் சின்ன ரயில் ஞாபகம் இருக்கும். இன்றைய அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. எஞ்சின் எவ்வளவு வடிவாக இருந்தாலும் முதலில் அகலத்தைப் பாருங்கள். இதை நான் இன்னும் ஒரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல்–லான்ஃபேர் என்றொரு பாதை. 1903இல் திறந்து, 1956இல் மூடி, 1963இல் தொண்டர்கள் மீண்டும் ஓட்டத் தொடங்கியது. அதுவும் 762 மில்லிமீற்றர், நம் களனிவெளியின் அதே அகலம். ஓட்டுவதற்கு எஞ்சின் போதாமல் உலகம் முழுக்கத் தேடினார்கள். 1971இல் அன்ரிகுவாத் தீவின் சீனி ஆலையிலிருந்து 'ஜோன்' என்ற எஞ்சின் வந்தது. 1927இல் செய்யப்பட்டு, வெயிலில் கரும்பு இழுத்துக் களைத்தது. 1975இல் சியரா லியோனிலிருந்து ஒன்று. ஒரு கடதாசி ஆலையிலிருந்து ஒன்று, கிளாஸ்கோ எரிவாயுத் தொழிற்சாலையிலிருந்து ஒன்று. பிற்காலத்தில் தாய்வான் சீனி நிறுவனத்தின் டீசல் எஞ்சினும் வந்து சேர்ந்தது. ஆபிரிக்கா, கரீபியன், ஆசியா, எல்லாம் ஒரே தண்டவாளத்தில்! சேர்த்துவைத்தது அந்த 762தான்.

எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். அதே வேல்ஸில் டல்லிலின் பாதை. தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் பாதை அதுதான், 1951இல். அதன் அகலம் இரண்டடி மூன்று அங்குலம். அப்படிப்பட்டது வேறெங்கும் இலகுவில் கிடைக்காது. நல்ல காலம், பக்கத்தில் மூடப்பட்டிருந்த கோரிஸ் பாதையும் அதே அகலம். அதன் இரண்டு எஞ்சின்கள் ஒரு நிலையத்தில் சும்மா நின்றன. எஞ்சினொன்றுக்கு 25 ஸ்டேர்லிங் பவுண் கொடுத்து வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மூன்றாம் இலக்க எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டினால், அது தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுகிறது. தூக்கி வைத்தால் மறுபடி இறங்குகிறது. காரணம், டல்லிலின் தண்டவாளம் சொன்ன அகலத்தை விட ஏறக்குறைய அரை அங்குலம் விரிவாகப் போடப்பட்டிருந்தது. இந்த எஞ்சினின் சில்லோ ஒடுக்கம். பட்டியலில் இரண்டும் ஒரே அகலம்; தரையில் அப்படி இல்லை. ஆகவே, நேயர்களே, எஞ்சினை மட்டும் அளந்தால் போதாது, தண்டவாளத்தையும் அளக்க வேண்டும். ஓரிடத்தில் அல்ல, வழிநெடுக.

பிறகு அவர்களுக்கு விமானப்படைத் தளமொன்றில் ஓடிய 'டக்ளஸ்' நன்கொடையாகக் கிடைத்தது. இரண்டடி அகலத்துக்குச் செய்த அந்த எஞ்சினை மூன்று அங்குலம் விரித்தே ஓட்டினார்கள். இலவசமாக வந்த எஞ்சினுக்கும் செலவு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

செலவு என்றால் முதலில் கொதிகலன். குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலாக ஏற்றிச் சோதித்த பிறகே நீராவியை நினைக்க வேண்டும். கொதிகலனைச் சுற்றிய பழைய உறையில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதை வெறுங்கையால் பிய்க்கவே கூடாது. அடுத்தது பிரேக். ஆலையில் கரும்பு இழுத்த எஞ்சினுக்குத் தன்னை நிறுத்தினால் போதும். பயணிகள் ஏறிய பெட்டிகளையும் சேர்த்து நிறுத்தும் ஏற்பாடு பெரும்பாலும் அதில் இராது. அதைப் புதிதாகப் பொருத்த வேண்டும். படம் பிடிக்க வருகிறவர்கள் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள்; நான் பிரேக்கைப் பார்க்கிறவன்.

பணம் எப்படித் திரட்டுவது, கேள்விப்பத்திரத்தில் எதை எழுத வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவசரமாக ஒன்று மட்டும். உங்கள் தோட்டத்திலோ பழைய ஆலையிலோ ஒரு எஞ்சின் துருவேறி நின்றால், இரும்பு வியாபாரியை அழைக்குமுன் அதைச் செய்த கம்பனியின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துவையுங்கள். சில்லுகளின் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அதை ஓட்டியவர், பழுதுபார்த்தவர் யாராவது உயிரோடிருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். எந்தக் குழாய் எப்போது மாற்றினோம் என்பது அவர்கள் தலையில்தான் இருக்கும். பழைய உதிரிப்பாகப் பெட்டியையும் எறிய விடாதீர்கள். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத நூதனசாலையை ஒரு தடவை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கையில் ஒரு அளவுநாடா இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.