ஊரடங்கு எந்த வீட்டுக்காக எழுதப்பட்டது?

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது: கொரோனாவைத் தடுக்க நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு, எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். உள்ளேயே கழிப்பறை, திறந்தால் தண்ணீர், டப்பாக்களில் ஒரு மாத மளிகை, வேலைக்குப் போகாவிட்டாலும் கணக்கில் ஏறும் சம்பளம். இவ்வளவும் இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதிய உத்தரவு அது.

மும்பை தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் தொழிலுக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் வாழும் இடம். அங்கே பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் என்றால், ஆளுக்குப் பன்னிரண்டரை சதுர அடி. ஆறடிக்கு இரண்டடிப் பாய் ஒன்றை விரித்தால் அவரவர் பங்கு தீர்ந்தது. ஆறடி இடைவெளி வேண்டுமென்றால் மூலைக்கு ஒருவர், நடுவில் ஒருவர் என்று ஐந்து பேரை நிறுத்தலாம். அதிலும் ஒரு மூலையை அடுப்பு பிடித்துக்கொள்ளும். மிச்சப் பேர் சந்தில்தான் நிற்பார்கள். அந்தச் சந்துக் கூட்டத்தை டிவியில் பார்த்துவிட்டுத்தான், 'இந்த ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது' என்று சோபாவில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

அறையை விடப் பெரிய சிக்கல் கழிப்பறை. தூய்மை இந்தியா திட்டத்தின் விதிப்படி, சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஒன்று, 25 பெண்களுக்கு ஒன்று இருக்க வேண்டும். விதி முழுசாக நிறைவேறிய இடம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 25 பெண்களுக்கு இரண்டரை மணி நேரம். விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வரிசை ஏழரைக்கு முடியும். ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில், முன்னே போனவர் இருமியது அடுத்தவருக்காகக் காத்திருக்கும். கதவுத் தாழ்ப்பாளும் வாளியின் கைப்பிடியும் எல்லோருக்கும் பொது. ஊரடங்கு வீட்டை ஓர் அலகாக எடுத்துக்கொண்டது. கிருமிக்கு அலகு, ஒரே கழிப்பறைக்குப் போகும் அத்தனை வீடுகளும்.

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே நகரம், ஒரே ஊரடங்கு.

தாராவியில் தொற்று பின்னர் கட்டுக்குள் வந்ததற்கு முக்கியக் காரணம், வீட்டுத் தனிமை அங்கே நடக்காது என்று மாநகராட்சி சீக்கிரமே ஒப்புக்கொண்டதுதான். தொற்று இருந்தவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் விளையாட்டு வளாகத்துக்கும் கொண்டுபோய், அங்கேயே சாப்பாடு கொடுத்தார்கள். பொதுக் கழிப்பறைகளில் ஒரு நாளைக்குப் பல தடவை கிருமிநாசினி தெளித்தார்கள். தெருவில் கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்களைக் காய்ச்சல் முகாம்களுக்கு அழைத்துக்கொண்டார்கள். 'தாராவி மாடல்' என்று உலகமே மெச்சியது. ஏராளமான தொழிலாளர்கள் ஊரைவிட்டே போனதில் நெரிசல் குறைந்ததும் ஒரு காரணம் என்பதை மெச்சியவர்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை.

கை கழுவச் சொன்ன அறிவுரைக்கு வருவோம். குழாயைத் திறந்துவிட்டு இருபது விநாடி கழுவினால் ஒரு தடவைக்குச் சுமார் இரண்டு லிட்டர் போகும். ஐந்து பேர், நாளைக்குப் பத்துத் தடவை என்றால் நூறு லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் ஏழு குடம். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டு வைக்கும் வீட்டில் இது நடக்காது. சொல்லியிருக்க வேண்டியது வேறு: கையை நனை, தண்ணீரை நிறுத்து, சோப்புப் போட்டுத் தேய், பிறகு ஒருவர் மக்கில் ஊற்ற இன்னொருவர் அலசு. அரை லிட்டரில் முடியும். ஏழு குடம் இரண்டு குடமாகும்.

நிவாரணத்திலும் இதே கோளாறு. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தார்கள். டோக்கன் போட்டு நாள் குறித்துக் கொடுத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆயிரம் ரூபாயை 21 நாளுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 48 ரூபாய்கூட வரவில்லை. மத்திய அரசு தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் கொடுத்தது. அதற்கும் அட்டை வேண்டும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவரின் அட்டை ஊரில் அம்மாவிடம் இருக்கும். அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. அதற்குள் ஐம்பது நாள் ஓடிவிட்டது. பலர் தண்டவாளம் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எந்த மாநில அட்டைக்கும் எந்த ஊரிலும் தானியம் தரும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த அக்டோபரில்.

பச்சரிசியோ புழுங்கலோ, கையில் கொடுத்தால் மட்டும் போதாது. சைட்டில் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவருக்கு அடுப்பும் எரிபொருளும் வேண்டும். தனி ஆட்கள் தங்கும் இடங்களுக்குச் சமைத்த சாப்பாடு, குடும்பங்களுக்கு மளிகை என்று முதல் நாளே பிரித்திருந்தால் சிக்கல் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஏப்ரல் கடைசியில் இன்னொரு பிசகு. சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்றதும், 25ஆம் தேதி கடைகளில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நாலு நாளைக் காய்கறியைக் கெடாமல் வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும், மொத்தமாக வாங்கக் காசு வேண்டும் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. சில நாட்களில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. அங்கிருந்து அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பிய கூலித் தொழிலாளர்கள், 'கொரோனாவைக் கொண்டுவந்தவர்கள்' என்ற பேரையும் சுமந்தார்கள்.

அடுத்த பெருந்தொற்றுக்கு இப்போதே எழுதி வைக்கக்கூடியவை உண்டு. வார்டுவாரியாக எந்தக் கழிப்பறைக்கு எத்தனை வீடு, எந்தக் குழாய்க்கு எத்தனை குடம் என்ற பட்டியல். தகரம் வைத்துத் தெருவை அடைக்கும் முன், உள்ளே இருப்பவர்கள் கழிப்பறைக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற ஒரு வரி. அப்புறம் கிழமை. கட்டட வேலையில் பல இடங்களில் கூலி சனிக்கிழமைதான் பட்டுவாடா. செவ்வாய் இரவு ஊரைப் பூட்டியபோது, திங்களும் செவ்வாயும் பார்த்த வேலைக்கான காசு மேஸ்திரியிடமே நின்றுவிட்டது.