பன்னிரண்டரை மணிக்கும் சூடாகச் சாப்பிடட்டும்

(பட்டிமன்றத் தலைப்பு: பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு ஏற்றது சாதாரண டிபன் பாக்ஸா, சூடு காக்கும் டப்பாவா? சூடு காக்கும் டப்பாவுக்காகப் பேசிய அணியின் உரை இது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று விஷயம் சொன்னார். நம் தாத்தா பாட்டி பழைய சோறு சாப்பிட்டே திடமாக இருந்தார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் எதற்குச் சூடு என்றார். சூடான சாப்பாட்டை அடைத்து வைத்தால் கெட்டுப்போகும் என்றார். காலையில் அம்மாவுக்கு இருக்கிற வேலையில் இது வேறா என்றும் கேட்டார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் மதியம் வகுப்பறையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் சாப்பிடும்போது பக்கத்திலேயே இருப்பவள்.

பள்ளி வேன் ஏழேகாலுக்கு வாசலில் ஹார்ன் அடிக்கிறது. அப்படியென்றால் ஆறரைக்கே சாப்பாடு டப்பாவுக்குள் போயாக வேண்டும். பிள்ளை அதைத் திறப்பதோ பன்னிரண்டரைக்கு. நடுவில் ஆறு மணி நேரம். ஆவி பறக்கும்போதே மூடியதால் மூடிக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கும். திறந்ததும் அந்தத் தண்ணீர் பொரியல் மேல் சொட்டும். சாம்பார் சாதம் டப்பாவின் வடிவத்திலேயே இறுகியிருக்கும். ஸ்பூனால் குத்தினால் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். மார்கழி, தை மாதத்தில் வெண்பொங்கலின் நெய் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும். பிள்ளை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும் மிஸ்" என்று மூடி வைத்துவிடும். சாயங்காலம் வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா மிச்சம் வச்சே?" என்று திட்டு விழும்.

அது பிள்ளையின் அடம் இல்லை, நடுவர் அவர்களே. வெந்த அரிசியில் இளகியிருக்கும் மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகுகிறது. சோறு விறைத்துப் போவது அதனால்தான். அதே சாம்பார் சாதத்தைச் சூடாக வைத்தால் அதே பிள்ளை வழித்துச் சாப்பிடுகிறது. பருப்பும் கேரட்டும் பீன்ஸும் போட்டுப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறோம். அது வயிற்றுக்குள் போனால்தானே சத்து?

சரி, பழைய சோற்றுக்கு வருகிறேன். எனக்கும் அது உயிர்தான். ஆனால் பழைய சோறு என்பது ஆறிப்போன சோறு இல்லை. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி, விடிய விடியப் புளிக்க விடுகிறோம். நல்ல நுண்ணுயிர்கள் அதில் பெருகி லேசான புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பே பல கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிறது. அதைக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்தார்கள் நம் பெரியவர்கள். அது ஒரு சமையல் முறை. காற்றுப் புகாத டப்பாவுக்குள் புழுங்கி, வேன் சீட்டுக்கு அடியிலும் வகுப்பறை ஜன்னல் வெயிலிலும் கிடந்த சோற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

இனி, கெட்டுப்போகும் என்ற வாதம். இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நச்சை உண்டாக்கும். அதன் பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது.

இப்போது சொல்லுங்கள், ஆறரை மணிக்கு மூடிய சாதாரண டிபன் பாக்ஸ் பன்னிரண்டரை வரை எந்த வெப்பத்தில் இருக்கிறது? அந்த நடு எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. எதிரணி எங்கள்மேல் வைத்த குற்றச்சாட்டு அவர்கள் கையில் இருக்கும் டப்பாவுக்குத்தான் முதலில் பொருந்தும்.

சூடு காக்கும் டப்பா என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய ஸ்டீல், நடுவில் கொஞ்சம் நுரை என்று வரும் மலிவான ஹாட் பாக்ஸ் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வெதுவெதுப்புக்கு வந்துவிடும். அதற்காக நான் வாதாட வரவில்லை. நான் சொல்வது இரட்டைச் சுவர் வைத்த வாக்குவம் டப்பா. 1892-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டீவார் மிகக் குளிர்ந்த திரவங்களைக் காப்பதற்காகச் செய்த குடுவையின் வாரிசு அது. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். காற்று இல்லாததால் சூடு கடந்து போவது மிகவும் குறைந்துவிடுகிறது. வெளியே இருக்கும் சூட்டை எளிதில் உள்ளே விடாத அதே சுவர், உள்ளே இருக்கும் சூட்டையும் எளிதில் வெளியே விடாது. 1904-இல் ஜெர்மனியில் அது வீட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது.

ஆனால் டப்பா தானாகச் சூட்டை உண்டாக்காது. நாம் கொடுத்ததைத்தான் காக்கும். பலரும் தவறுவது இங்கேதான். குளிர்ந்த ஸ்டீலில் சாதத்தைப் போட்டால் முதல் நிமிஷத்திலேயே ஸ்டீல் அந்தச் சூட்டைத் தின்றுவிடும். அதனால் முதலில் கொதிக்கிற தண்ணீரை நிறைய ஊற்றி மூடி, ஐந்து பத்து நிமிஷம் விட வேண்டும். அப்புறம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சாதத்தைத் தளதளவென்று இருக்கும்போதே கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும். பாதி காலியாக விட்டால் சீக்கிரம் ஆறும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். அழுக்கு அங்கேதான் ஒளியும். உங்கள் டப்பா நல்லதா என்று தெரிய வேண்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரப்பி வைத்துப் பன்னிரண்டரைக்குத் திறந்து, சமையல் தெர்மாமீட்டரால் பாருங்கள். 60-க்கு மேல் காட்டினால் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். அது பள்ளிக்கு வந்தால், திறந்து மூடியில் கொஞ்சம் எடுத்துப் போட்டு ஆற வைத்துச் சாப்பிடப் பழக்குவது எங்கள் வேலை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நாங்களே திறந்து கொடுப்போம்.

சாம்பார் சாதம், ரசம் சாதம், கிச்சடி, பொங்கல், காய்கறி சூப் எல்லாம் இதில் அருமையாக நிற்கும். தோசையும் பூரியும் ஆவியில் நமத்துவிடும், வேண்டாம். தயிர் சாதம் வேறு கணக்கு. அதைச் சில்லென்று வைத்தால்தான் நல்லது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சுடுசோறு என்பது ஏதோ புதுப் பணக்காரப் பழக்கம் போல இங்கே பேசப்பட்டது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பல மாநிலங்கள் பிள்ளைகளுக்கு வெறும் அரிசியும் கோதுமையும் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, அது போதாது, சமைத்த உணவு கொடுங்கள் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2022 செப்டம்பரில் இங்கே காலை உணவுத் திட்டமும் வந்தது. அரசுப் பள்ளியில் சத்துணவு அம்மா அடுப்பிலிருந்து இறக்கித் தட்டில் போடுகிறார். பக்கத்துத் தெருவில், கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளை காலை ஆறரை மணிச் சோற்றைத் தின்கிறது. பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாக்குவம் டப்பாவின் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கீழே போட்டு நசுக்காமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

கடைசியாக, அம்மாவுக்கு வேலை கூடும் என்ற வாதம். கூடும், உண்மை. குக்கர், குழம்பு, பின்னல், ஷூ, டைரியில் கையெழுத்து என்று காலை ஆறு மணிக்கு ஓடிக்கொண்டிருப்பவர் தலையில் இதையும் கட்டாதீர்கள் என்று சொன்ன சகோதரியின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து டப்பாவில் ஊற்றி, பத்து நிமிஷம் கழித்துக் கொட்டுவதற்கு அம்மாதான் வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இந்த அரங்கில் இத்தனை அப்பாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக் காலையில் அந்தத் தண்ணீரை நீங்கள் வையுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.